ஐந்தில் ஒரு திருடன்

திருடனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லப் பழகியது. கை பழகவில்லை.

நான் சங்கு குளிப்பவன். தூத்துக்குடியில் இருந்து விடிகாலையில் படகு புறப்படும். பிற்பகலில் திரும்பும். படகில் நாங்கள் ஐந்து பேர். என்ஜினையும் காற்று அடிக்கும் மெஷினையும் பார்த்துக்கொள்வது டிரைவர் அண்ணாச்சி. மூழ்குவது இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் மணப்பாடு ஊர்க்காரன், மணப்பாட்டான் என்போம். வாயில் காற்றுக்குழாய், இடுப்பில் கயிறு, கழுத்தில் வலைப்பை. கயிற்றின் மறுமுனை மேலே ஒருவன் கையில் இருக்கும். மணப்பாட்டானுக்கு அவன் தம்பி பிடிப்பான். எனக்கு என் தங்கச்சி மாப்பிள்ளை.

கீழே பேச்சு கிடையாது. கயிறுதான் பேச்சு. நான் ஒரு தடவை இழுத்தால் கயிறு விடு. இரண்டு தடவை என்றால் பையைத் தூக்கு. மூன்று என்றால் என்னைத் தூக்கு. இது எல்லாப் படகிலும் உள்ளதுதான். எங்கள் இருவருக்கும் மட்டும் இன்னொன்று இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவன் மேலே இருந்து லேசாகச் சுண்டுவான். இருக்கியா என்று அர்த்தம். நானும் லேசாகச் சுண்டுவேன். இருக்கேன். பன்னிரண்டு வருடம் இப்படி.

வேலை முடிந்து கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். உடம்பு குளிர்ந்து கிடக்கும். தூங்கவும் வராது. அந்த நேரத்தில் திருடன் போலீஸ் விளையாடுவோம். சின்னப் பிள்ளைகள் ஆடுவதுதான். கிழித்த காலண்டர் தாளில் ஐந்து சீட்டு. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். மடித்துக் குலுக்கிப் போடுவோம். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். போலீஸ் வந்தவன் மட்டும் சீட்டைத் திறந்து காட்டுவான். மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். நால்வரில் திருடன் யார் என்று போலீஸ் விரல் நீட்ட வேண்டும். கேள்வி கேட்கலாம். யாரும் எதுவும் பொய் சொல்லலாம். மாட்டிக்கொண்டால் திருடன் காற்றுக்குழாய்களின் வாய்க்கட்டையைக் கழுவ வேண்டும். விரல் தப்பாகப் போனால் போலீஸ் கழுவ வேண்டும். இரண்டு பேரின் எச்சிலும் உப்பும் அதில் காய்ந்து ஒட்டியிருக்கும். அருவருப்பான வேலை. அதனால் எல்லோரும் உண்மையாகவே ஆடினார்கள்.

அதில் நான் கெட்டிக்காரன் என்று பேர் இருந்தது. எனக்குப் போலீஸ் வந்தால் மணப்பாட்டான் தலையில் அடித்துக்கொள்வான். “போச்சு. ஏலே, கொறடு வந்துட்டு” என்பான். குறடு மாதிரி கவ்வுவேன் என்று அவனுக்கு எண்ணம்.

சூத்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டைத் திறந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். திருடனும் சிரிப்பான். ஆனால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். ஒரு நொடி பிந்தும். மணப்பாட்டானின் தம்பி, இளையவன், திருடன் என்றால் சீட்டை இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக மடிப்பான். அவனுக்கே அது தெரியாது. டிரைவர் அண்ணாச்சி திருடனாக இருந்தால் என்ஜினைப் பற்றிப் பேசுவார். “சத்தம் ஒரு மாதிரியா கேக்குல்லா” என்பார். ஒரு மாதிரியும் கேட்காது. மணப்பாட்டான் வேறு ரகம். முதல் ஆளாக இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பான். திருடன் இல்லாதவனுக்கு அந்த அவசரம் கிடையாது. சில நாள் எதுவுமே புலப்படாது. அப்போது நான் பேசாமல் இருப்பேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பேசாமல் இருப்பதை யாராலும் தாங்க முடியாது. திருடனால் சுத்தமாகத் தாங்க முடியாது. “என்ன அண்ணாச்சி, காட்டுங்களேன், கரை வந்துட்டு” என்று ஒருவன் சொல்லுவான். அவன்தான்.

மாப்பிள்ளையிடம் மட்டும் இது எதுவும் செல்லவில்லை.

ராஜா வந்தாலும் திருடன் வந்தாலும் அவனுக்கு ஒரே முகம். கையும் அப்படியே. சீட்டைப் பார்ப்பான், தொடைக்கு அடியில் வைப்பான், கடலைப் பார்ப்பான். சிரிக்கிற நேரத்தில் சிரிப்பான். நான் பேசாமல் இருந்தால் அவனும் பேசாமல் இருப்பான். அவனுக்குத் திருடன் வந்த நாட்களில் நான்தான் வாய்க்கட்டை கழுவியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவனைப் பிடித்ததில்லை.

ஒருநாள் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“எப்படிலே ஒன்னய மட்டும் தெரிய மாட்டேங்கு?”

“நீங்க கேக்கவே இல்லியே மச்சான்.”

“என்னத்தக் கேக்க?”

“நீதான் திருடனான்னு நேராக் கேளுங்க. சொல்லிருவேன்லா.”

மணப்பாட்டான் விழுந்து விழுந்து சிரித்தான். “திருடன்ட்டயே கேக்கச் சொல்லுதான் பாரு. ஊருல போலீஸுக்கு வேலை மிச்சம்.”

நானும் சிரித்தேன். கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டுப் பிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

கடலடியில் சங்கு கிடக்கிற திட்டுக்குப் பார் என்று பேர். பார் எங்கே இருக்கிறது என்பதுதான் எங்கள் சொத்து. முன்பு கோவில் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒன்றுக்கு நேராக ஒன்று பிடித்து இடம் குறித்தோம். இப்போது ஜிபிஎஸ் பெட்டி. பாரின் எண்ணை அதில் ஏற்றி வைத்தால் அதுவே கூட்டிப்போகும். எங்கள் படகில் அந்தப் பெட்டி என் பொறுப்பு. கரைக்கு வந்ததும் கழற்றித் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். படகின் சொந்தக்காரர், எங்கள் சம்மாட்டி, என்னை நம்பி விட்டது அது. பெட்டியின் முதுகில் என் மகள் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு சிலுவை போட்டிருந்தாள். மாறிப்போகாமல் இருக்க.

அந்தப் பெட்டிக்கு ஒரு பங்குனியில் கண் அவிந்துபோனது. திரை கறுத்துவிட்டது. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். “செத்துப்போச்சு அண்ணாச்சி. இத வச்சிட்டுப் புதுசு எடுத்துட்டுப் போங்க” என்றார். வைத்துவிட்டுப் புதிது வாங்கினேன். வீட்டில் நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களை மகள் ஏற்றிக் கொடுத்தாள். ஓய்ந்துபோன பார்களை விட்டுவிடச் சொன்னேன்.

அடுத்த சீசன் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு பாருக்குப் போனோம். அங்கே ஏற்கனவே ஒரு பச்சைப் படகு நின்றது. வடக்கே இருந்து வருகிற படகு. நான் கீழே இறங்கிப் பார்த்தேன். சங்கு நகர்ந்தால் மணலில் கோடு விழும். கோடு கிடந்தது. கோட்டின் முடிவில் சங்கு இல்லை. அள்ளிவிட்டார்கள். சின்ன உருப்படியைக்கூட விடவில்லை. நாங்கள் சின்னதைத் தொட மாட்டோம். அடுத்த வருடத்துக்கு வேண்டும்.

தற்செயல் என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து இரண்டாவது பார். அதிலும் பச்சைப் படகு. பிறகு மூன்றாவது. மூன்றும் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாத இடங்கள்.

சம்மாட்டி இறங்குதுறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உள்ளுக்குள்ள இருந்து எவனோ சொல்லுதான்.”

“அப்படித்தான் தெரியுது.”

“நீ திருடனப் பிடிக்கதுல பெரிய ஆளுன்னு டிரைவரு சொல்லுவான். இத விளையாட்டுன்னு வச்சுக்க. பிடி.”

பிடிக்கிறேன் என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

முதலில் படகில் பார்த்தேன். பச்சைப் படகைப் பற்றி நானே பேச்சை எடுப்பேன். பிறகு பேசாமல் இருப்பேன். டிரைவர் அண்ணாச்சி என்ஜினைப் பற்றிப் பேசவில்லை. இளையவன் கெட்ட வார்த்தையாக அடுக்கினான். மணப்பாட்டான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. “கண்ணு வச்சிட்டானுவ” என்பதோடு நிறுத்திக்கொண்டான். மூன்று பேரிடமும் திருடன் சாடை இல்லை. மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும்போல.

மூன்று பேரைத் தெரிகிறது. ஒருவனைத் தெரியவில்லை. அப்போதே என் மனம் பாதி முடிவு செய்துவிட்டது. ஒளித்து வைத்திருப்பதால்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லாததாலும் தெரியாமல் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

சாடை போதாது, சாட்சி வேண்டும். அதற்கு ஒரு பொறி வைத்தேன். நால்வரிடமும் தனித்தனியாக ஒரு புதுப் பாரைப் பற்றிச் சொல்வது. ஆளுக்கொரு இடம். “வார வியாழக்கிழமை அங்கதான் போறோம். வெளிய மூச்சு விடாத” என்று சொல்வது. பச்சைப் படகு எந்த இடத்தில் வந்து நிற்கிறதோ, அந்த இடத்தைக் கேட்டவன்தான் திருடன்.

டிரைவருக்கும் அண்ணன் தம்பிக்கும் வாயில் வந்த இடத்தைச் சொன்னேன். மூன்றும் வெறும் சேறு. மாப்பிள்ளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஈயக்குண்டைப் போட்டுத் தூக்கி, அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தே கீழே என்ன என்று சொல்லிவிடுவான். சேற்றைச் சொன்னால், “அங்கன என்ன இருக்கு மச்சான், வண்டல்லா” என்று சிரிப்பான். அவனுக்கு மட்டும் உண்மையான பாரைச் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் கல்யாணப் பாரைச் சொன்னேன்.

அவன் கல்யாணம் ஆன வாரத்தில் நாங்கள் இருவரும் கண்டுபிடித்த இடம் அது. பேரும் அவன் வைத்ததுதான். நாலு வருடம் எடுத்தோம். ஓய்ந்துபோனதும் விட்டுவிட்டோம். விட்டு ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. மணப்பாட்டான்கள் எங்கள் படகுக்கு வருமுன் நடந்தது. டிரைவர் அண்ணாச்சியும் அப்போது இல்லை. புதுப் பெட்டியில்கூட அந்த எண் இல்லை. என் வீட்டு நோட்டை விட்டால் இருந்தது இரண்டு தலைகளில். என் தலை, அவன் தலை.

“திரும்பச் சங்கு விழுந்திருக்கும்னு நெனைக்கேன். வியாழக்கிழமை போவோம். யாருட்டயும் சொல்லாத” என்றேன்.

அவன் முகம் அன்றைக்குக் கொஞ்சம் மலர்ந்தது. “கல்யாணப் பாருக்கா மச்சான்? ஒங்க தங்கச்சிக்கிட்டயும் சொல்லக் கூடாதோ?” என்று கேலி செய்தான்.

வியாழக்கிழமை படகு எடுக்கவில்லை. டீசல் வரவில்லை என்று சம்மாட்டியைச் சொல்லச் சொன்னேன். நானும் சம்மாட்டியும் மட்டும் ஒரு சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனோம். முதல் இடத்தில் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கல்யாணப் பாருக்கு வள்ளத்தைத் திருப்பினேன். கோபுரத்தையும் புகைபோக்கியையும் பிடித்துத்தான் போனேன். எண் இல்லாமலே எனக்கு அந்த இடம் தெரியும்.

தூரத்திலேயே தெரிந்தது. பச்சை.

சம்மாட்டி எச்சில் துப்பினார். “ஒன் தங்கச்சி மாப்பிள்ளையா?” என்றார்.

“ஆமா” என்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வருத்தம் வரவில்லை. வந்தது வேறு. பன்னிரண்டு வருடம் பிடிபடாதவனைப் பிடித்துவிட்டேன். அந்தத் திருப்தி கரைக்கு வரும்வரை இருந்தது.

மறுநாள் காலை அவன் எப்போதும்போல் முதல் ஆளாக வந்து கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். சம்மாட்டி போய் நின்றார்.

“நீ இனி ஏற வேண்டாம்.”

“ஏன்?”

“ஒன் மச்சான்ட்டக் கேளு.”

துறையில் நாலைந்து படகு ஆட்கள் நின்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் படகின் விளிம்பைப் பார்த்தேன். அதில் பெயிண்ட் உரிந்திருந்தது. இளையவன்தான் சத்தம் போட்டான். “பாரு சொல்லிக் கொடுத்து யாருக்குலே சம்பாரிச்சுக் குடுக்க? மச்சான் உயிர ஒங்கைல குடுத்துட்டு இறங்குதாருல்லா?”

மாப்பிள்ளை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிரித்த கயிற்றைத் திரும்பச் சுருட்டினான். பிசிர் இருந்த இடத்தைக் கத்தியால் வெட்டி, நுனியை லைட்டரால் காய்ச்சி ஒட்டினான். ஆணியில் மாட்டினான். போய்விட்டான்.

மூன்று வாரம் படகு படகாக வேலை கேட்டிருக்கிறான். எங்கள் கரையில் குடிகாரனுக்குப் படகு கிடைக்கும். அடிதடிக்காரனுக்குக் கிடைக்கும். பார் சொன்னவனுக்குக் கிடைக்காது.

தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள்.

“அண்ணே, அவியகிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்க என்னளா இருக்கு? கண்ணால பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த?”

“பச்சைப் படகு நின்னத.”

“படகப் பாத்த. அவியளப் பாத்தியா?”

நான் பேசாமல் இருந்தேன். அது எனக்குத் தெரிந்த வித்தை. அவளும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அந்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கடலை விட்டுத் தள்ளி, ஏரலுக்குப் போனார்கள். அங்கே ஒரு மீன்கடையில் அவனுக்கு வெட்டுகிற வேலை. என் மகள் கோவிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியபோது அத்தை வரவில்லை.

படகில் புது ஆளைச் சேர்க்கச் சம்மாட்டி பயந்தார். மறுபடியும் ஒருவன் பார் சொல்லிவிட்டால்? அதனால் இளையவனே இரண்டு கயிற்றையும் பிடித்தான். வலது கையில் அவன் அண்ணன். இடது கையில் நான்.

பச்சைப் படகு வருவது நிற்கவில்லை. ஐந்தாவது பாருக்கும் வந்தது, ஆறாவதுக்கும் வந்தது. மாப்பிள்ளை கோபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று பேசிக்கொண்டோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒன்றை முடிவு செய்துவிட்டால் எல்லாம் அதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் பெட்டிக்கு ஒயர் மாற்ற அதே கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவன் நின்றான். பச்சைப் படகின் டிரைவர். முகம் தெரியும், பழக்கம் இல்லை. அவன் பெட்டியும் மேஜையில் குப்புறக் கிடந்தது. முதுகில் சிவப்பு நகப்பாலிஷ். சிலுவை. ஒரு கை தேய்ந்திருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் அதைத் திருப்பி ஸ்விட்சைப் போட்டார். திரை வெளிச்சமாக இருந்தது.

“நல்லாத்தான இருக்கு?” என்றேன்.

“செகண்ட்ஸ்ல எடுத்தது அண்ணாச்சி” என்றான் அவன். மறைக்கத் தெரியாதவன். “எடுக்கும்போதே உள்ள பாயிண்டு கெடந்துச்சு. பதினேழு. எவன் போட்டதோ. ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையாப் போயிப் பாத்தோம். எல்லாம் சங்கு. மாதா குடுத்தது.”

கடைக்காரரைப் பார்த்தேன். “இது செத்துப்போச்சுன்னு சொன்னீரே.”

அவருக்கு என்னை நினைவில்லை. தினமும் எத்தனை பேர். “டிஸ்ப்ளே போயிருக்கும். மாத்துனா சரியாயிரும். உள்ள உள்ளது எங்க போவும்? அப்படியேதான் இருக்கும்” என்றார்.

கல்யாணப் பார் நாலாம் எண். பழைய பெட்டியில் நானே ஏற்றியது. முதல் மூன்று பார், பிறகு கல்யாணப் பார், பிறகு ஐந்து, ஆறு. வரிசை மாறாமல் வந்திருக்கிறார்கள். ஆள் சொல்லியிருந்தால் வரிசையாகச் சொல்லியிருக்க மாட்டான். இதைச் சின்னப் பிள்ளைகூடப் பார்த்திருக்கும். நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு, கண்ணுக்குத் தெரிகிற பொருள்தான் உயிருள்ள பொருள். கோபுரம் மறைந்தால் இடம் மறைந்தது என்று வளர்ந்தவன் நான். திரை கறுத்ததும் உள்ளே இருந்ததும் போய்விட்டது என்று நினைத்தேன். வாய் உள்ளவன்தான் பார் சொல்வான் என்று நினைத்தேன். வாய் உள்ள நால்வரை விசாரித்தேன். ஐந்தாவதாக ஒருவன் இருந்தான். அவன் சீட்டை நான் திறக்கவில்லை.

ஒயரை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏரலுக்குப் பஸ் ஏறினேன். சந்தைப் பக்கம் கடை. அவன் ஒரு பெரிய சீலா மீனைக் கட்டையில் போட்டுத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். ஐஸ் மீன். கண் வெளுத்திருந்தது. முன்பு அந்த மாதிரி மீனை அவன் பூனைக்குக்கூடப் போட மாட்டான்.

“வாங்க மச்சான்” என்றான். கத்தி நிற்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். பெட்டி, கடைக்காரர், சிவப்புச் சிலுவை, நாலாம் எண். எல்லாம் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் துண்டுகளைத் தராசில் போட்டான். ஓர் அம்மா வாங்கிக்கொண்டு போனாள். கையைக் கழுவினான்.

“யாருட்டச் சொன்னிய?”

“ஒங்கிட்டத்தான். மொதல்ல ஒங்கிட்ட.”

“என்னயத் துரத்துனது இங்கனயா மச்சான்?”

அவன் துண்டில் கையைத் துடைத்தான்.

“எனக்குத்தான் தெரியும்லா, நான் சொல்லலன்னு. எனக்கு எதுக்கு வந்து சொல்லுதிய? அங்கன போயிச் சொல்லுங்க. துறையில. அன்னைக்கு நின்ன ஆளுவகிட்ட.”

“சொல்லுதேன். நீ திரும்ப வா.”

அவன் அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டத் தொடங்கினான். கொஞ்சம் கழித்துக் கேட்டான்.

“ஒங்களுக்கு இப்பம் கயிறு பிடிக்கது யாரு?”

“இளையவன்.”

“அவன் அண்ணனுக்கு?”

“அவன்தான். ரெண்டையும்.”

கத்தி நின்றது. வேலைக்கு நடுவில் அன்று நின்றது அந்த ஒரு தடவைதான். “பீடி பத்த வைக்கும்போது பிடிச்ச கயித்த முழங்காலுக்கடியில வச்சிருவான். நான் பாத்திருக்கேன். பாத்துக்கிடுங்க” என்றான்.

தங்கச்சியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. நான் தட்டினேன். மிக்ஸி நின்றது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிக்ஸி மறுபடியும் ஓடியது. பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கே சம்மாட்டியிடம் போனேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“பெட்டியக் கடையில விட்டது நீ.”

“ஆமா.”

“இத வெளிய சொன்னா ஒன்னய எவன் படகுல ஏத்துவான்? என்னய எவன் மதிப்பான்? நடந்தது நடந்துட்டு. அவனும் ஒரு பொழப்பப் பாத்துக்கிட்டான்லா. விடு.”

விடவில்லை. மறுநாள் விடிகாலை துறையில் டீக்கடைப் பக்கம் எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். எனக்குச் சத்தமாகப் பேசி வராது. இருந்தாலும் சொன்னேன். பார் சொன்னது அவன் இல்லை, நான். என் பெட்டிதான் சொன்னது. தப்பு என்னுடையது.

இளையவன் சிரித்தான்.

“தங்கச்சி அழுதுருப்பா. இவரு மனசு எளகிட்டாரு.”

“இல்லலே. பெட்டிய என் கண்ணால பாத்தேன்.”

“அன்னைக்கும் கண்ணாலதான் பாத்திய” என்றான்.

டிரைவர் அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார். “சொந்தம்லா. சேத்து வைக்கணும்னு தோணத்தான் செய்யும். அதுக்காவ பழிய ஒம்மேல போட்டுக்கிடாதய்யா. நீ பிடிச்சு எது தப்பிருக்கு?” என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

பச்சைப் படகு டிரைவரைக் கேளுங்கள் என்றேன். அவனும் கூட்டாளிதானே, அவன் எப்படி உண்மையைச் சொல்வான் என்றார்கள். கடைக்காரரைக் கேளுங்கள் என்றேன். ஒரு கடைக்காரருக்காக யார் வேலையை விட்டுவிட்டுப் போவார்கள்? டீ குடித்து முடித்தார்கள். படகுகள் புறப்பட்டன.

என்னையும் யாரும் விலக்கவில்லை. விலக்கியிருந்தால் நம்பினார்கள் என்று அர்த்தம். நான் பிடித்துக் கொடுத்த திருடனை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை இன்னும் ஏரலில்தான் இருக்கிறான். துறையில் சொன்னதை போனில் சொன்னேன். “சரி மச்சான்” என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பான். என்ன மீன் வந்தது, காற்று எப்படி என்று கேட்பான். வருகிறேன் என்று மட்டும் சொன்னதில்லை. வந்தாலும் ஏற்ற ஆள் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

கீழே இருக்கும்போது சில நேரம் கை தானாகக் கயிற்றை லேசாகச் சுண்டிவிடும். இளையவன் அதற்குக் கயிறு விடுவான். ஒரு தடவை இழுத்தால் கயிறு விடு. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது இப்போதும் சீட்டுப் போடுகிறோம். நாலு பேர்தான் என்பதால் ராணி இல்லை. திருடன் இருக்கிறான். விளையாட்டில் ஒரு சீட்டு எப்போதும் திருடன்தான். அந்த ஒன்று நிச்சயம் என்பதால்தான் என் வித்தை எல்லாம் அங்கே செல்லுபடியானது. படகில் அன்று அப்படி ஒரு சீட்டே போடவில்லை.

எனக்குப் போலீஸ் வருகிற நாளில் சாடை எல்லாம் தெரியத்தான் செய்கிறது. இளையவன் இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக மடிக்கிறான். பார்த்துக்கொண்டு இருப்பேன். விரல் நீட்ட மாட்டேன்.

“காட்டுங்க அண்ணாச்சி, கரை வந்துட்டு” என்பான்.

“தெரியல” என்பேன்.

வாய்க்கட்டைகளை எடுத்துக் கழுவத் தொடங்குவேன்.